அந்த மூன்று நாள் முதல் பக்கத்தை விற்காதீர்கள்: தமிழ் நாளிதழ்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கும் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். திண்டுக்கல் மாவட்டத்துக்காரன். பணியில் இருந்தவரை தேர்தல் வந்தால் பூத் டூட்டியும் கூடவே வந்துவிடும். ஆரம்பத்தில் விரலில் மை வைக்கிற வேலை, கடைசி சில தேர்தல்களில் வாக்குச்சாவடி தலைமை அலுவலர். வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய இரண்டு நாளிலும் உங்கள் முதல் பக்கத்தைக் கட்சி விளம்பரத்துக்கு விற்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அந்த நாற்காலியில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அது ஒரு சட்டமன்றத் தேர்தல். காலை எட்டு மணி இருக்கும். வரிசை பள்ளி வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை நீண்டிருந்தது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் அன்றைய பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி அறைக்குள் வந்தார். மடிப்பின் மேல்பக்கத்தில் ஒரு கட்சியின் சின்னம் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. எதிரணியின் பூத் ஏஜென்ட் எழுந்து நின்றுவிட்டார். "சார், இது பிரசாரம் இல்லையா?" பெரியவர் பதறிப் போனார். "நோட்டீஸ் இல்லைங்க சார், பேப்பருங்க" என்றார்.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 130-ஆவது பிரிவு இருக்கிறது. வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது, தேர்தல் தொடர்பான அறிவிப்போ அடையாளமோ வைக்கக் கூடாது. அதற்காக முந்தின நாள் மாலை அந்தப் பள்ளிச் சுவரில் இருந்த போஸ்டர்களைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டினோம். வாசலுக்கு வெளியே அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டோம். போலீஸ்காரர் ஒருவர் கோட்டருகே நின்று கட்சித் துண்டு போட்டவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அத்தனையையும் தாண்டி, ஒரு முழுப் பக்கப் பிரசாரம் நாளிதழின் முதல் பக்கமாக ஓட்டுப்பெட்டி வரைக்கும் வந்து நின்றது. பேப்பரை வாங்கி, விளையாட்டுப் பக்கம் வெளியே வரும்படி மடித்துக் கொடுத்தேன். அவர் ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்ன வார்த்தை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நோட்டீஸ் வேறு, பேப்பர் வேறு என்று அவர் முழுமனதாக நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். என் அப்பா சின்னாளபட்டியில் தறி நெய்தவர். மூன்றாம் வகுப்போடு நின்றவர். காலையில் டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் பேப்பர் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர்களில் அப்பாவும் ஒருவர். சி.பா. ஆதித்தனார் 1942-ல் தினத்தந்தியைத் தொடங்கி, அதிகம் படிக்காதவருக்கும் புரிகிற தமிழில் செய்தி எழுத வைத்தார் என்பதைப் பின்னாளில் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த டீக்கடை பெஞ்சுதான் நினைவுக்கு வரும். எங்கள் ஊரில் ஒரு சண்டைக்கு முடிவு கட்ட வேண்டும் என்றால் "பேப்பர்லயே போட்டிருக்கான்" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் யாரும் வாதாட மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக உங்கள் நிருபர்களும் அச்சுக்கூடத்துத் தொழிலாளர்களும் சேர்த்துவைத்த சொத்து அது.

தேர்தல் விளம்பரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. விளம்பரமும் தேர்தலும் பிரிக்க முடியாத ஊர் நம்முடையது. 1967-ல் எனக்கு எட்டு வயது. ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். பிப்ரவரியில் தேர்தல். எம்.ஜி.ஆர் பரங்கிமலைத் தொகுதியின் வேட்பாளர், ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையை விட்டு வர முடியாத நிலை. கழுத்தில் கட்டோடு இருக்கும் அவர் படம் போஸ்டராகி ஊர் ஊராகப் போனது. எங்கள் தெருமுனைச் சுவரிலும் ஒட்டினார்கள். என் அம்மா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அதன் முன் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்பு அரசியல் பேசியே அறியாதவர் அவர். அந்தப் போஸ்டர்தான் ஆட்சியை மாற்றியது என்று சொல்ல மாட்டேன். அரிசிப் பஞ்சம் இருந்தது, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயம் ஆறாமல் இருந்தது, "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற வாக்குறுதி இருந்தது. ஆனால் ஒரு படம் ஒரு மனுஷியின் மனத்தை என்ன செய்யும் என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

அம்மாவுக்கு ஒன்று தெளிவாகத் தெரியும்: அதை ஒட்டியது கட்சிக்காரர்கள். பசை வாளியோடு வந்த பையன்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதுகூடத் தெரியும். சட்டமும் அப்படித்தான் எதிர்பார்க்கிறது. தேர்தல் போஸ்டர், நோட்டீஸ் எதுவானாலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 127அ பிரிவு. யார் பேசுகிறார்கள் என்பது தெரிந்து கேட்டால், அழுவதும் சிரிப்பதும் திட்டுவதும் கேட்பவர் பாடு.

முதல் பக்கத்தையே முழுசாக மூடிக்கொண்டு வரும் ஜாக்கெட் விளம்பரத்தில் அந்தத் தெளிவு இல்லை. பத்திரிகையின் பெயர் மேலே, தேதி, விலை, பதிப்பு எல்லாம் வழக்கம்போல். அதன் கீழே செய்தித் தலைப்பு போலவே கொட்டை எழுத்தில் வாக்கியங்கள், செய்தி போலவே பத்திகள், செய்தி போலவே படங்கள். ஒரு மூலையில் "விளம்பரம்" என்ற சொல் கண்ணாடி போட்டவருக்கும் சிரமப்பட்டுத் தெரியும் அளவில். 2021 ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு. அன்று பல நாளிதழ்களின் முன்பக்கத்தில் செய்தி வடிவத்தில் அதிமுகவின் விளம்பரம் வந்தது. திமுகவின் பழைய ஆட்சியைப் பற்றிய குற்றச்சாட்டுகள், செய்தித் தலைப்புகளாக. திமுக தேர்தல் ஆணையத்திடம் புகார் கொடுத்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு அசாமில் இதைவிட மோசமாக நடந்தது. முதல் கட்ட வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், மார்ச் 28 அன்று, மேல் அசாமின் எல்லாத் தொகுதிகளிலும் பாஜக வெல்லும் என்ற பொருளில் செய்தித் தலைப்பு மாதிரியே விளம்பரம் வந்தது. அடுத்த கட்டங்கள் அப்போது பாக்கி இருந்தன. ஆணையம் எட்டுப் பத்திரிகைகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

எந்தக் கட்சி என்பது எனக்கு முக்கியம் இல்லை. முதல் பக்கத்தை முழுசாக வாங்குவதில் இங்கே எந்தப் பெரிய கட்சியும் பின்தங்கியது இல்லை. அடுத்த முறை வாங்குபவர் மாறலாம். விற்பவர் மாறுவதில்லை என்பதால்தான் மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 4 ஏன் என்று யோசித்துப் பாருங்கள். 126-ஆவது பிரிவு, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சி, சினிமா போன்றவற்றில் தேர்தல் பிரசாரத்தைத் தடுக்கிறது. மைக் கிடையாது, பொதுக்கூட்டம் கிடையாது. அச்சுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. அச்சையும் சேர்க்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. தேர்தல் ஆணையமும் கேட்டுப் பார்த்தது. சட்டம் திருத்தப்படவில்லை. அதனால் 2015 பீகார் தேர்தலின் கடைசிக் கட்டத்தில் தொடங்கி, வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் பத்திரிகையில் வரும் அரசியல் விளம்பரத்துக்குச் சான்றளிப்புக் குழுவிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவு போட்டுவருகிறது. 2021-ல் தமிழ்நாட்டுக்கு அந்த இரண்டு நாள் ஏப்ரல் 5-ம் 6-ம். அனுமதி கேட்க அவசியமே இல்லாத கடைசி நாள் ஏப்ரல் 4. அப்புறம், முன்அனுமதி வாங்கினால் 6-ஆம் தேதி காலையிலும் போடலாம். என் பூத்துக்குள் வந்த பேப்பர் அப்படி அனுமதி வாங்கியதாகவே இருக்கலாம். சட்டத்தை மீறியதாக உங்களில் யாரையும் நான் சொல்லவில்லை.

சரி, இந்த விளம்பரத்தைப் பார்த்து யாராவது ஓட்டை மாற்றுவார்களா? ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பல வருடம் பேசியிருக்கிறோம். "ஜனங்க எல்லாரும் ஏற்கெனவே முடிவு பண்ணிடுவாங்க சார்" என்பார் எங்கள் கணக்கு வாத்தியார். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. அமெரிக்காவில் நடந்த 49 களப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மேன் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொதுத் தேர்தலில், வாக்காளரைப் பிரசாரம் இடம் மாற்றுவது சராசரியில் ஏறக்குறைய பூஜ்யம் என்றார்கள். ஆக, கோடிகளைக் கொட்டினால் ஓட்டு தானாக வந்துவிடாது. 2021-ல் அந்த முன்பக்க விளம்பரத்துக்குப் பிறகும் அதிமுக 66 இடங்களோடு ஆட்சியை இழந்தது. திமுக 133 இடங்களில் வென்றது.

ஆனால் இன்னொரு ஆய்வும் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2006-ல் டெக்ஸாஸ் மாகாண ஆளுநர் தேர்தலில் ரிக் பெர்ரியின் பிரசாரக் குழு, எந்த ஊரில் எந்த வாரம் எவ்வளவு தொலைக்காட்சி விளம்பரம் போடுவது என்பதைக் குலுக்கல் முறையில் ஆய்வாளர்கள் தீர்மானிக்கச் சம்மதித்தது. விளம்பரம் ஓடிய வாரம் ஆதரவு நன்றாகவே ஏறியது. ஒரு வாரம் கழிந்ததும் ஏறியது ஏறக்குறைய முழுக்க இறங்கிவிட்டது. விளம்பரம் பனித்துளி மாதிரி, வெயில் ஏறினால் காய்ந்துவிடும். காய்வதற்குள் ஓட்டுப் போட வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. பணம் கடைசி மூன்று நாளில் உங்கள் முதல் பக்கத்தைத் தேடி வருவதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. மறுத்துப் பேச எதிர்க்கட்சிக்கு நேரம் இருக்காது, சரிபார்த்து எழுத உங்கள் நிருபருக்கும் நேரம் இருக்காது. வாசகர் இரவு யோசித்துத் தெளிவதற்குள் காலை ஏழு மணி வாக்குப்பதிவு தொடங்கிவிடும்.

யாரை மாற்றும் என்று கேட்டால், கரை வேட்டி கட்டியவரை மாற்றாது. இரண்டு பக்கமும் பிடிக்காமல், வேட்பாளரையும் தெரியாமல், கடைசி நாளில் முடிவெடுக்கிற சிலரை மாற்றும். நம் மாநிலத்தில் சிலர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. 2016-ல் ராதாபுரம் 49 ஓட்டில் முடிவானது. 2021-ல் தியாகராய நகர் 137 ஓட்டில். 49 பேர் என்றால் நான் பாடம் நடத்திய ஒரு வகுப்பறை.

இன்னொரு வேலையும் விளம்பரம் செய்யும், அது சத்தம் இல்லாத வேலை. ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், அது பொய்யாக இருந்தாலும், புதிதாகக் கேட்பதைவிட அதை உண்மை என்று நம்பும் வாய்ப்பு கூடுகிறது என்று 1977-லேயே உளவியலாளர்கள் காட்டினார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிகளுக்கு அது முன்னமே தெரியும். தொலைக்காட்சியில் கேட்டதை, ஆட்டோ ஒலிபெருக்கியில் கேட்டதை, வாட்ஸ்அப்பில் வந்ததை, வாசகர் அரைகுறையாகத்தான் நம்பியிருப்பார். அதே வாக்கியத்தை நாலாவது முறையாகத் தன் பேப்பரின் முதல் பக்கத்தில் பார்க்கும்போது "அட, பேப்பர்லயே போட்டிருக்கானே" என்று சொல்லிவிடுகிறார். கட்சி உங்களிடம் காகிதத்தையும் மையையும் விலைக்கு வாங்குவதில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் வாங்குகிறது.

உமலேஷ் யாதவ் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். 2007 உத்தரப் பிரதேசத் தேர்தலில் பிசௌலி தொகுதியில், வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் இரண்டு இந்தி நாளிதழ்களில், அங்கே வேட்பாளராக நின்ற அவரைப் புகழ்ந்து செய்தி போல ஒன்று வந்தது. அது காசுக்குப் போட்ட செய்திதான் என்று பிரஸ் கவுன்சில் முடிவு சொன்னது. அந்தச் செலவைக் கணக்கில் காட்டாததற்காகத் தேர்தல் ஆணையம் 2011-ல் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. அந்த வகையில் பதவி இழந்த முதல் உறுப்பினர் அவர். பதவி போனது வாங்கியவருக்கு மட்டும். விற்ற இடத்தில் வெறும் கண்டிப்புச் சொல்லோடு முடிந்தது.

செலவுக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களைப் போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. கட்சிக்கு அப்படி உச்சவரம்பே கிடையாது. வேட்பாளர் பெயர் சொல்லாமல் கட்சி பொதுவாகக் கொடுக்கும் முழுப் பக்க விளம்பரம் எந்த வேட்பாளர் கணக்கிலும் ஏறாது. தேநீர்ச் செலவையும் நாற்காலி வாடகையையும் பார்வையாளர்கள் எண்ணி எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தின் விலை மட்டும் ஊருக்குத் தெரியாது.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. வாசகர் கொடுக்கிற விலை காகிதச் செலவுக்கே காணாது என்பதும், கொரோனாவுக்குப் பிறகு விளம்பரம் வற்றிப்போனதும், நிருபர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்ததும் தெரியும். என்னிடம் படித்த பையன் ஒருவன் பத்திரிகையில் வேலை பார்க்கிறான். தேர்தல் விளம்பரம் வந்த மாதம்தான் பாக்கிச் சம்பளம் சேர்த்துக் கிடைத்தது என்று அவனே சொல்லியிருக்கிறான். அதனால்தான் முழு விளம்பரத்தையும் நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. ஐந்து வாரப் பிரசாரத்தில் மூன்றே நாள். வாக்குப்பதிவு நாள், அதற்கு முந்தைய இரண்டு நாள். அந்த மூன்று நாள் முதல் பக்கத்தை எந்தக் கட்சிக்கும், எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். உள்பக்கத்தில் போடுவதானால், "கட்சி விளம்பரம்" என்று தலைப்பு அளவு எழுத்தில், காசு கொடுத்தவர் பெயரோடு போடுங்கள். உங்கள் செய்தி எழுத்துருவை அதற்குக் கடன் கொடுக்காதீர்கள். தேர்தல் முடிந்தபின் எந்தக் கட்சியிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளுக்குள் கட்சிகள் ஆணையத்திடம் கணக்குக் கொடுக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

"செல்போனில் நடப்பதைப் பார்க்காமல் எங்களைக் கேட்கிறீர்களே" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கேள்வி. மறைந்த கலைஞர் 2024 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவால் திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரல் அதே வழியில் வந்தது. அவை செயற்கை என்று சொல்லியே வெளியிட்டார்கள். சொல்லாமல் வருபவை எத்தனை என்று யாரால் எண்ண முடியும்? போலிப் பதிவுகளை மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் கட்சிகளுக்குச் சொன்னது. மூன்று மணி நேரத்தில் அது எத்தனை குடும்பக் குழுக்களைச் சுற்றிவிடும்! என் பேத்திக்கு இப்போது பதினெட்டு வயது, முதல் ஓட்டு. அவளுக்கு ஒரு வீடியோ வந்தால் என்னிடம் காட்டி, "தாத்தா, இது நிஜமா?" என்று கேட்கிறாள். "நாளைக்குப் பேப்பர்ல வருதான்னு பார்ப்போம்மா" என்று சொல்லிப் பழக்கியிருக்கிறேன். மறுநாள் காலையில் அவள் எடுத்துப் பார்க்கிற முதல் பக்கம் யாரோ வாங்கிய பக்கமாக இருந்தால் அவளிடம் நான் என்ன சொல்வது?

முதலில் ஒரு பத்திரிகை செய்தால் போட்டிப் பத்திரிகைக்கு அந்தப் பணம் போய்விடும் என்ற பயம் இருக்கும். நீங்கள் எல்லாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசக்கூடியவர்கள்தான். காகித விலை ஏறியபோதும் வரிக்கு எதிராகவும் ஒரே குரலில் பேசியிருக்கிறீர்கள். அடுத்த தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்கு முன் ஒரு நாள் கூடி, இந்த மூன்று நாளுக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

நட்டத்தில் ஒரு பங்கை வாசகர்களிடம் கேளுங்கள். அந்த மூன்று நாள் பேப்பருக்கு இரண்டு மடங்கு விலை வையுங்கள். காலை ஐந்தரைக்கு எங்கள் தெருவில் பேப்பர் போடும் தம்பியிடம் பேசிவிட்டேன். எங்கள் ஓய்வூதியர் சங்கத்து நண்பர்களிடமும் கேட்டேன். பதினாறு பேர் சரி என்றார்கள். ஒருவர் மட்டும், "முதல்ல அவங்க செய்யட்டும், அப்புறம் நான் மூணு மடங்கு தரேன்" என்றார்.

இப்படிக்கு,
நாற்பத்தைந்து ஆண்டுகளாக உங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்